நோட்டீஸ் பணம் வேறு, விடுமுறைப் பணம் வேறு, ரெடண்டன்சி பணம் வேறு

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால், பதிலுக்குத் தேவையான விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. உணவுப் பொருள்களைப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 2015 ஆகஸ்ட் 24 அன்று வேலைக்குச் சேர்ந்தார். வாரம் ஐந்து நாள், 40 மணி நேரம், மணிக்கு 13 பவுண்டு. பிடித்தம் போவதற்கு முன் வாரத்துக்கு 520 பவுண்டு. பெரும்பாலான சனிக்கிழமைகளில் ஓவர்டைமும் செய்கிறார். 2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மேலாளர் இவரையும் இன்னும் எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக அழைத்து ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். உங்கள் வேலை ரெடண்டன்ட் ஆகிவிட்டது, அதாவது அந்த வேலையே நிறுவனத்துக்கு இனித் தேவையில்லை. ஒப்பந்தப்படி நான்கு வார நோட்டீஸ். கடைசி நாள் ஆகஸ்ட் 15. மீதமுள்ள ஆறு நாள் விடுமுறையைத் திங்கட்கிழமை முதல் எடுத்துக்கொள்ள வேண்டும், எனவே விடுமுறைக்கென்று பணம் எதுவும் கிடையாது. ஒன்பது வருட வேலைக்கு ரெடண்டன்சி தொகை 6,240 பவுண்டு. இவ்வளவுதான் கடிதம்.

அதோடு இன்னொரு தாளும் இருந்தது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் கூடுதலாக 500 பவுண்டு. வாய்மொழியாக மேலாளர் மற்றொன்றும் சொன்னாராம்: "நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், நல்ல ரெஃபரன்ஸ் தருகிறோம்." ஆனால் திங்கட்கிழமை வந்ததும் ஆள் போதவில்லை என்று சூப்பர்வைசரே போன் செய்து கூப்பிட, விடுமுறை என்று எழுதப்பட்ட அந்த நாள்களிலும் இவர் போய் வேலை செய்திருக்கிறார். வேறொரு தொழிற்சாலையில் ஆகஸ்ட் மாத நடுவில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். அங்கே சேர்ந்தால் இங்கே வர வேண்டிய பணம் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

"பத்து வருஷம் சோறு போட்ட இடம். சண்டை போட மனசில்லை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு வா என்கிறார் கணவர். கொடுப்பது சரியான கணக்குதானா என்று மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு சரியில்லை. ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் சரியில்லை. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை இரண்டே இரண்டு காரியங்களைச் செய்யாமல் இருங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகச் சரிசெய்ய முடியும். அந்த இரண்டும் கைமீறிப் போய்விட்டால் சரிசெய்வது கடினம்.

இன்னொன்று. உங்களுக்கு வர வேண்டியதை எழுத்தில் கேட்பது சண்டை ஆகாது. பல நிறுவனங்களில் இந்தக் கணக்கைப் போடுபவர் சட்டம் தெரிந்தவர் அல்ல. பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து ஒரு எண்ணைத் தட்டச்சு செய்கிறார், அவ்வளவுதான். ஒரு மின்னஞ்சலிலேயே திருந்திவிடும் தவறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே குறைத்திருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதே மின்னஞ்சல்தான்.

நோட்டீஸ்: நான்கு வாரமா, ஒன்பது வாரமா?

ஒப்பந்தத்தில் நான்கு வாரம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பதால் அதற்கு மேல் கேட்க முடியாது என்று நினைக்கிறீர்கள். இந்த எண்ணம் தவறு. பலருக்கும் இருக்கும் எண்ணம்தான்.

1996 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், பிரிவு 86, முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச நோட்டீஸை வரையறுக்கிறது. ஒரு மாதம் வேலை செய்தவருக்கு ஒரு வாரம். இரண்டு வருடம் முடித்தவருக்கு இரண்டு வாரம். அப்புறம் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரம் கூடிக்கொண்டே போகும், 12 வாரம் வரை. ஒப்பந்தம் இதைவிட அதிகம் தந்தால் ஒப்பந்தம் செல்லும். குறைவாகத் தந்தால் சட்டம் செல்லும். எது அதிகமோ அது உங்களுக்கு.

கடிதம் கொடுத்த ஜூலை 18 அன்று நீங்கள் ஒன்பது முழு வருடங்களை முடித்திருந்தீர்கள். எனவே உங்களுக்கு ஒன்பது வார நோட்டீஸ் வர வேண்டும். உங்கள் வேலை முடிய வேண்டிய நாள் ஆகஸ்ட் 15 அல்ல, செப்டம்பர் 19. பணமாகச் சொன்னால் 2,080 பவுண்டுக்குப் பதில் 4,680 பவுண்டு.

இந்த ஒன்பது வாரத்தை நிறுவனம் மூன்று விதமாகத் தரலாம். வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லிச் சம்பளம் தரலாம். வீட்டில் இருங்கள் என்று சொல்லிச் சம்பளம் தரலாம். இதைக் கார்டன் லீவ் என்பார்கள், அந்தக் காலத்திலும் நீங்கள் ஊழியர்தான், விடுமுறையும் சேர்ந்துகொண்டே இருக்கும். அல்லது வேலையை முன்கூட்டியே முடித்து, மீதி வாரங்களுக்கான சம்பளத்தை மொத்தமாகக் கையில் கொடுக்கலாம். மூன்றாவது வழியில் வேலை முடியும் நாளிலேயே விடுமுறை சேர்வதும் நின்றுவிடும்.

நோட்டீஸ் காலத்தில் இன்னொரு உரிமையும் உங்களுக்கு உண்டு. இரண்டு வருடம் முடித்தவர் ரெடண்டன்சி நோட்டீஸில் இருக்கும்போது வேறு வேலை தேடவும் நேர்காணலுக்குப் போகவும் நியாயமான அளவு நேரம் கேட்கலாம். அந்த நேரத்துக்கு, முழு நோட்டீஸ் காலத்துக்கும் சேர்த்து, ஒரு வாரச் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை சம்பளமும் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் அது இரண்டு நாள் சம்பளம்.

விடுமுறை: எடுக்காத நாள் காணாமல் போகாது

உங்கள் விடுமுறைக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது, பேங்க் ஹாலிடேயும் (அரசுப் பொது விடுமுறை) சேர்த்து வருடத்துக்கு 28 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 1998 ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகள் தரும் குறைந்தபட்ச அளவு அதுதான், 5.6 வாரம். வேலையை விட்டுப் போகும்போது, அந்த வருடத்தில் அதுவரை சேர்ந்த விடுமுறையில் எடுக்காமல் விட்டதை நிறுவனம் பணமாகத் தர வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும்போது விடுமுறையைப் பணமாக மாற்றக் கூடாது என்று சொல்லும் அதே சட்டம், போகும்போது மட்டும் பணமாகத் தர வேண்டும் என்கிறது.

செப்டம்பர் 19 வரை என்று எடுத்தால் வருடத்தின் 365 நாளில் 262 நாள் கழிந்திருக்கும். 28-ஐ அந்த விகிதத்தில் வகுத்தால் 20.1 நாள். ஜூலை வரை ஐந்து பேங்க் ஹாலிடே, உங்கள் சொந்த விடுப்பு ஆறு நாள் என்று 11 நாள் எடுத்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் 25 பேங்க் ஹாலிடேயையும் சேர்த்தால் 12. மீதி 8.1 நாள். ஒரு நாளைக்கு 104 பவுண்டு என்று வைத்தால் சுமார் 842 பவுண்டு. வேலை ஆகஸ்ட் 15 அன்றே முடிந்து மீதி நோட்டீஸ் பணமாக வந்தால், விடுமுறை 6.4 நாள், சுமார் 667 பவுண்டு.

சரி, "திங்கட்கிழமை முதல் எடுத்துக்கொள்" என்று நிறுவனம் சொல்லலாமா? சொல்லலாம். இதில் நீங்கள் நினைப்பதைவிட முதலாளிக்கு அதிகாரம் அதிகம். நோட்டீஸ் காலத்தில் மீதி விடுமுறையை எடுத்து முடிக்கும்படி உத்தரவிட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. எத்தனை நாள் விடுமுறையோ அதைப்போல் இருமடங்கு நாள் முன்பே சொல்ல வேண்டும். ஆறு நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே. உங்களுக்குச் சொன்னது வெள்ளிக்கிழமை மாலை, தொடங்கச் சொன்னது திங்கட்கிழமை காலை. ஒப்பந்தத்தில் இதற்கு வேறு விதி எழுதப்பட்டிருந்தால் ஒழிய அந்த உத்தரவு முறைப்படியானது அல்ல. ஒப்பந்தத்தில் விடுமுறை பற்றிய பகுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அந்த ஆறு நாளும் நீங்கள் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். வேலை செய்த நாளை விடுமுறை என்று எழுத முடியாது. சூப்பர்வைசர் கூப்பிட்ட போன் பதிவை, குறுஞ்செய்தி வந்திருந்தால் அதை, உள்ளே போன நேரம் வெளியே வந்த நேரம் காட்டும் பதிவை இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு உங்கள் அட்டையும் வேலை செய்யாது, அந்தப் பதிவும் உங்கள் கண்ணில் படாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்பது வாரம் கேட்டதும், மீதி எட்டு நாளையும் செப்டம்பரில் எடுத்து முடியுங்கள் என்று நிறுவனம் பதினாறு நாள் முன்பே முறையாகச் சொன்னால் அதை மறுக்க வழியில்லை. அப்போது விடுமுறைப் பணம் வராது, ஆனால் விடுமுறை கிடைக்கும். அது ஏமாற்று அல்ல.

ஓவர்டைம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தொடர்ந்து செய்துவரும் ஓவர்டைம் பணம் விடுமுறைச் சம்பளத்தில் சேர வேண்டும், குறைந்தது வருடத்தின் நான்கு வார விடுமுறைக்காவது. கடந்த 52 வாரச் சம்பளத்தின் சராசரியை வைத்து அதைக் கணக்கிடுவார்கள். எனவே நாளுக்கு 104 பவுண்டு என்று நான் போட்டது அடிமட்டக் கணக்கு. ஆனால் ரெடண்டன்சி தொகைக்கு இதே வாதம் செல்லாது. ஒப்பந்தப்படி நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டிய, நீங்கள் செய்தே ஆக வேண்டிய ஓவர்டைமாக இருந்தால்தான் அங்கே சேரும். சனிக்கிழமை உங்கள் விருப்பத்தின் பேரில் போனது என்றால் சேராது.

ரெடண்டன்சி: பத்தாவது வருடம் எங்கே போனது?

என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இது. நிறுவனம் ஒன்பது வருடம் என்று கணக்குப் போட்டிருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று வேலை முடிகிறது, ஆகஸ்ட் 23 முடிந்தால்தான் பத்து வருடம் நிறையும். ஒரு வாரம் குறைகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான்.

ஆனால் சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. சட்டப்படியான நோட்டீஸைக் குறைத்துக் கொடுத்து ஒருவரின் சேவைக் காலத்தை வெட்டிவிடக் கூடாது என்பதற்காக, அதே சட்டத்தின் பிரிவு 145, முழு நோட்டீஸ் கொடுத்திருந்தால் எந்த நாளில் முடிந்திருக்குமோ அந்த நாள்வரை கணக்கில் எடுக்கச் சொல்கிறது. உங்களுக்கு அது செப்டம்பர் 19. அதற்குள் பத்து வருடம் நிறைந்துவிடுகிறது. நிறுவனம் நாளைக்கே வேலையை முடித்து மீதியைப் பணமாகக் கொடுத்தாலும், ரெடண்டன்சி கணக்குக்கு இந்தப் பத்தாவது வருடம் உங்களுடையதுதான்.

தொகை எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 22 வயதுக்குக் கீழே வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் அரை வாரச் சம்பளம். 22 முதல் 40 வயது வரை ஒரு வாரம். 41 வயதிலிருந்து ஒன்றரை வாரம். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், அதிகபட்சம் 20 வருடம். உங்கள் பத்து வருடத்தில் ஆறு வருடம் 41 வயதுக்கு மேல், அதற்கு ஒன்பது வாரம். மீதி நான்கு வருடத்துக்கு நான்கு வாரம். மொத்தம் 13 வாரச் சம்பளம், 6,760 பவுண்டு. வாரச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, உங்கள் வேலை முடியும் 2025-26 ஆண்டில் (2025 ஏப்ரல் 6 முதல்) அது 719 பவுண்டு. உங்கள் 520 அதற்குக் கீழே இருப்பதால் வெட்டு இல்லை.

இப்போது மூன்றையும் கூட்டுங்கள். நிறுவனம் தருவதாகச் சொன்னது நோட்டீஸ் 2,080, ரெடண்டன்சி 6,240, விடுமுறை பூஜ்யம்; மொத்தம் 8,320. வர வேண்டியது 4,680, 6,760, விடுமுறைக்கு 667 அல்லது 842. குறைந்த கணக்கை எடுத்தாலும் 12,107. வித்தியாசம் 3,787 பவுண்டு. இதை விட்டுக்கொடுக்கத்தான் 500 பவுண்டு நீட்டியிருக்கிறார்கள்.

நோட்டீஸ் பணத்திலும் விடுமுறைப் பணத்திலும் வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் பிடிப்பார்கள், அது சரிதான். ரெடண்டன்சி தொகைக்கு 30,000 பவுண்டு வரை வரி கிடையாது. கடைசி பேஸ்லிப்பில் மூன்றும் மூன்று வரிகளில் தனித்தனியாக வர வேண்டும் என்று கேளுங்கள். ஒரே தொகையாகப் போட்டால் எதற்கு வரி பிடித்தார்கள், எதை விட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்தத் தாளும் அந்த ராஜினாமாவும்

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் மட்டும் சட்ட உரிமை போய்விடாது. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமையை ஊழியர் விட்டுக்கொடுக்க வேண்டுமானால், முறையான செட்டில்மென்ட் ஒப்பந்தம் வேண்டும். அதில் நிறுவனத்தைச் சேராத சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஒருவரோ தகுதி பெற்ற வேறு ஆலோசகரோ உங்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். அல்லது வேலைத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் (Acas) என்ற பொது அமைப்பின் வழியாக உடன்பாடு வர வேண்டும். உங்களுக்குக் கொடுத்த தாளில் இது எதுவும் இல்லை.

அப்படியானால் கையெழுத்துப் போட்டு 500-ஐ வாங்கிக்கொண்டு, அப்புறம் கேட்கலாமே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். வேண்டாம். பின்னால் அந்தத் தாளைக் காட்டி வாதம் வளர்ப்பார்கள், உங்களுக்குத் தூக்கம் போகும். "படித்துப் பார்த்து எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு வாரத்தில் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உண்மையான செட்டில்மென்ட் ஒப்பந்தம் தர நிறுவனம் முன்வந்தால், உங்கள் சொலிசிட்டர் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனமே ஏற்பது வழக்கம், அதையும் கேளுங்கள்.

ராஜினாமா விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ரெடண்டன்சி தொகை, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு வருவது. தானாக விலகியவருக்கு வராது. 6,760 பவுண்டை ஒரே கையெழுத்தில் இழப்பீர்கள், முழு நோட்டீஸையும் சேர்த்து. "சுத்தமான ரெக்கார்டு" என்று ஒன்று இல்லை. ரெடண்டன்சியில் வேலை போவது அவமானம் அல்ல; நீங்கள் செய்த தவறுக்காக நீக்கினார்கள் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புதிய நிறுவனத்திடம் "என் வேலை ரெடண்டன்ட் ஆனது" என்று தாராளமாகச் சொல்லலாம்.

புது வேலை கிடைத்ததால் மட்டும் ரெடண்டன்சி பணம் போகாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ஆபத்து, எந்தத் தேதியில் எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பின் சேரலாமா என்று புதிய இடத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், "ரெடண்டன்சி நோட்டீஸில் இருக்கும் நான் இன்ன தேதியில் முன்கூட்டியே போக விரும்புகிறேன், என் ரெடண்டன்சி உரிமை மாறாது என்று உறுதி செய்யுங்கள்" என்று எழுதி, நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே கிளம்புங்கள். நோட்டீஸ் காலத்தில் இப்படி முன்கூட்டியே விலக எழுத்துமூலம் நோட்டீஸ் தரச் சட்டத்திலும் வழி இருக்கிறது, ஆனால் நிறுவனம் ஆட்சேபித்தால் சிக்கல் வரும். நீங்களாக முன்கூட்டிப் போனால் போன நாளோடு நோட்டீஸ் சம்பளம் நின்றுவிடும், பத்தாவது வருடம் பற்றியும் வாதம் எழலாம். நிறுவனமே ஆகஸ்ட் 15 அன்று உங்களை அனுப்பிவிட்டால் நிலைமை வேறு. அப்போது புது வேலையில் சேருங்கள். ஆனால் நோட்டீஸில் குறைத்துவிட்ட ஐந்து வாரத்துக்கும் முழுத் தொகை கேட்டு வழக்குப் போகும்போது, அந்த வாரங்களில் புது இடத்தில் சம்பாதித்ததைக் கழிக்கச் சொல்லி நிறுவனம் வாதிட வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த ரெடண்டன்சி உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. வேலை இல்லை என்று அனுப்பியவரைத் திங்கட்கிழமையே ஆள் போதவில்லை என்று கூப்பிட்டது எனக்கு உறுத்துகிறது. ஒன்பது பேர் என்பதால் இருபது பேரையோ அதற்கு மேலோ நீக்கும்போது வரும் 30 நாள் கூட்டுக் கலந்தாலோசனை விதி இங்கே பொருந்தாது. ஆனாலும் ஏன் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், வேறு பிரிவில் இடம் உண்டா என்று உங்களோடு பேசியிருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிவில் கடிதம் கொடுத்தது கலந்தாலோசனை ஆகாது. இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் என்பதால் நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு.

போட வேண்டுமா? என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வழக்கில் வரும் அடிப்படைத் தொகை, பெரும்பாலும் ரெடண்டன்சி தொகையோடு நேர்செய்யப்பட்டுவிடும், இரண்டு முறை வராது. மிச்சம், வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான இழப்பு. உங்களுக்கு உடனே வேலை கிடைத்துவிட்டால் அது சிறிய தொகையாகவே இருக்கும். உங்கள் இடத்தில் ஏஜென்சி ஆளைப் போட்டிருப்பது தெரியவந்தால் மறுபடி யோசிப்போம். இப்போதைக்கு, எழுத்தில் மேல்முறையீடு ஒன்று மட்டும் கொடுத்துவிட்டு, கணக்கைச் சரிசெய்வதில் முழுக் கவனமும் வையுங்கள்.

எப்படிக் கேட்பது

ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம், நீளம் வேண்டாம். சேர்ந்த தேதி, கடிதம் கொடுத்த தேதி, வயது, வாரச் சம்பளம். பிறகு மூன்று பத்தி: ஒன்பது வார நோட்டீஸ், பத்து வருடத்துக்கான 13 வார ரெடண்டன்சி, ஜூலை 21 முதல் வேலை செய்த நாள்கள் விடுமுறை அல்ல என்பது. ஏழு நாளுக்குள் திருத்திய கணக்கை எழுத்தில் தரும்படி கேட்டு முடியுங்கள். ஆங்கிலத்தில் எழுத மகள் உதவுவாள் என்று சொன்னீர்கள். அரசின் இணையதளத்தில் ரெடண்டன்சி தொகையைக் கணக்கிடும் வசதி இருக்கிறது, அதில் உங்கள் விவரத்தைப் போட்டு வரும் பக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள், கம்பெனி மின்னஞ்சலிலிருந்து வேண்டாம்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ஏகாஸை அழையுங்கள், எண் 0300 123 1100, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் அவர்களிடம் சமரசத்துக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். தீர்ப்பாயத்திலும் இப்போது கட்டணம் இல்லை. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

கெடுவை மறக்காதீர்கள். நோட்டீஸ், விடுமுறைப் பணம், நியாயமற்ற பணிநீக்கம் இவற்றுக்கு மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. வேலை ஆகஸ்ட் 15 அன்று முடிந்தால் நவம்பர் 14-க்குள் ஏகாஸில் பதிந்திருக்க வேண்டும். ரெடண்டன்சி தொகைக்கு ஆறு மாதம். நிறுவனத்தோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. ஏகாஸில் பதிந்தால்தான் நிற்கும். நல்ல வழக்குகள் பலவும் கெட்டுப்போவது இந்த ஒரு இடத்தில்தான்.

நிறுவனம் கடனில் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உண்மையாகவே திவாலாகிவிட்டால், நேஷனல் இன்சூரன்ஸ் நிதியிலிருந்து அரசின் ரெடண்டன்சி பணப் பிரிவு ரெடண்டன்சி தொகை, சட்டப்படியான நோட்டீஸ், ஆறு வாரம் வரையிலான விடுமுறைப் பணம், எட்டு வாரம் வரையிலான சம்பள பாக்கி ஆகியவற்றைத் தரும். மேலே சொன்ன வார உச்சவரம்பு அங்கேயும் உண்டு. இவையெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு உரிய விதிகள். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம்.

புது வேலை தள்ளிப்போனால், கணவருக்குச் சம்பளம் வருவதால் உங்களுக்கு உதவி எதுவும் கிடைக்காது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை தேடுவோருக்கான அரசு உதவித்தொகையான நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் நீங்கள் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸை வைத்துத் தரப்படுவது. கணவரின் வருமானமோ வீட்டுச் சேமிப்போ அதைத் தடுக்காது.

விசாவில் இருக்கும் வாசகர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். நோட்டீஸ், விடுமுறை, ரெடண்டன்சி உரிமைகள் அவர்களுக்கும் இதேதான். ரெடண்டன்சி தொகை முதலாளி தருவது. அது அரசு உதவிப் பணம் அல்ல, வாங்கத் தயங்க வேண்டாம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவருக்கு வேலை போனதை நிறுவனம் அறிவித்ததும் ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சகம்) விசாக் காலத்தை வழக்கமாக 60 நாளாகக் குறைத்துவிடும். அவர்கள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை அதே வாரத்தில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உங்களோடு கடிதம் வாங்கிய எட்டுப் பேர். எல்லோருக்கும் நான்கு வாரம் என்றே எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். ஐந்து வருடம் முடித்தவர் யாராக இருந்தாலும் அந்த நான்கு வாரம் குறைவு. இந்தக் கணக்கை அவர்களிடமும் காட்டுங்கள், அவர்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன்.